நான்காவது எண்

மார்ச் 3, திங்கள்

காலை ஒன்பது மணிக்கே கரூரிலிருந்து போன். பஸ்ஸுக்குப் பாடி கட்டும் பட்டறை ஒன்றில் ஜனவரியில் நாங்கள் வைத்துக் கொடுத்த வெல்டிங் ரோபோ மறுபடியும் கோணலாக நிற்கிறதாம். ரோபோ என்றால் கண் மூக்கெல்லாம் கிடையாது, ஒரே ஒரு கை. கையின் முனையில் வெல்டிங் டார்ச். அந்தக் கையை ஆட்டி வைக்கும் நிரல் எங்கள் கோவை அலுவலகத்தில் எழுதியது. அதில் முக்கால்வாசி என்னுடையது.

"நுனி வெக்க வேண்டிய எடத்துல கரெக்டா வெக்குதுங்க மேடம். தல மட்டும் சாஞ்சுக்குது. ஜாயின்ட் பிடிக்க மாட்டேங்குது" என்றாள் அதை ஓட்டும் பெண். பெயர் சுகந்தி.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. நுனி சரியாக இருக்கும்போது தலை ஏன் சாய வேண்டும்? இங்கே எங்கள் சோதனை மேசையில் ஐம்பது தடவை ஓட்டிப் பார்த்தேன். ஐம்பது தடவையும் நேராகத்தான் நின்றது. "எங்ககிட்ட சரியாத்தான ஓடுது" என்று சொல்லி வைத்தேன். பதினொரு வருட வேலையில் நான் அதிகம் சொன்ன வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும்.

ஒன்பதாம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். அட்டைப்பெட்டி வாங்க மறந்துவிட்டேன்.

மார்ச் 4, செவ்வாய்

எழுதிப் பார்த்தாலாவது குழப்பம் தீருகிறதா என்று பார்க்கிறேன்.

பற்றவைக்க வேண்டிய ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் ரோபோவுக்கு இரண்டு விஷயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். டார்ச்சின் நுனி எங்கே நிற்க வேண்டும், தலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும். ஓட்டுகிறவர் கையை அந்த இடத்துக்குக் கொண்டுபோய்ப் பொத்தானை அழுத்தினால் இரண்டும் பதிவாகும். இடத்துக்கு மூன்று எண், திசைக்கு மூன்று எண். பஸ்ஸின் இரும்புச் சட்டம் தினமும் ஒரே இடத்தில் நிற்காது, நாலு விரல் அப்படி இப்படி இருக்கும். அதனால் புதுச் சட்டம் வந்ததும் அதன் ஒரு மூலையை மட்டும் ரோபோவுக்குத் தொட்டுக் காட்டுவார்கள். மூலை எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவையும் நிரல் எல்லாவற்றோடும் கூட்டிக்கொள்ளும்.

இதில் தப்பு வர எங்கே இடம்? கூட்டல்தானே.

முன்பு நான்காவதாகவும் ஓர் எண் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர் ஏனோ வைத்திருந்தார். இடத்துக்கெல்லாம் ஒன்று, திசைக்கெல்லாம் சுழியம். சும்மா கிடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் நிரலைச் சுத்தம் செய்தபோது எடுத்துப்போட்டேன். இரண்டாயிரம் வரி குறைந்தது, முதலாளி கனகசபாபதி சார் ஆபீஸுக்கே கேக் வாங்கினார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எழுத வந்தது வேறு.

மார்ச் 5, புதன்

நெற்றியில் சாம்பலோடு கரூர் பஸ் ஏறினேன். தவக்காலம் தொடங்கிவிட்டது.

சுகந்திக்கு இருபத்தெட்டு வயது இருக்கும். ஐடிஐ படித்தவள். மூன்று வருடம் கிரைண்டிங் பகுதியில் பிசிறு தேய்த்துக்கொண்டிருந்து, அடம் பிடித்து ரோபோவுக்கு வந்தவளாம். அந்தப் பட்டறையில் மெஷின் ஓட்டும் ஒரே பெண். மாதக் கடைசியில் அவளை மெஷினுக்கு நிரந்தரமாக்குவதாக மேனேஜர் செல்லமுத்து சொல்லியிருக்கிறார். அதற்குள் இந்தக் கோணல்.

"மேடம் எல்லாம் வேண்டாம், அக்கான்னே கூப்பிடு" என்றேன். உடனே அக்காவாகிவிட்டேன். டீ வந்தது, கடலை மிட்டாய் வந்தது.

"அக்கா, ஒண்ணு கவனிச்சேன். சட்டம் எந்தப் பக்கம் தள்ளி நிக்குதோ, தல அந்தப் பக்கமே சாயுதுங்க்கா. ஜாஸ்தி தள்ளி நின்னா ஜாஸ்தி சாயுது."

தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தாள். ஒரு நோட்டில் தேதி, எத்தனை சென்டிமீட்டர் தள்ளல், எவ்வளவு சாய்வு என்று பதினாறு நாள் குறிப்பு. கையெழுத்து என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

"அது தற்செயலா இருக்கும்மா" என்றேன். நிரல் அப்படி நடக்க வழியில்லை. மெஷினின் பதிவைத் திறந்து பார்த்தேன். திசை எண்கள் எல்லாமே சாய்ந்த எண்களாகத்தான் இருந்தன. அப்படியானால் சொல்லிக்கொடுக்கும்போதே சாய்த்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். வேறென்ன?

"நான் நேராத்தான் பாயின்ட் எடுத்தேங்க்கா" என்றாள். அழவில்லை. நோட்டை மூடிக்கொண்டாள்.

மூன்றரை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது.

மார்ச் 6, வியாழன்

கரூர்காரர்கள் எழுத்தில் கேட்கிறார்கள். "நம்ம பக்கம் தப்பில்லைன்னா ஒரு லெட்டர் போட்டுருங்கம்மா" என்றார் கனகசபாபதி சார். போகிற போக்கில், "ஏப்ரல்ல இருந்து டீமையே நீங்கதான் பாத்துக்கோணும்" என்றும் சொன்னார்.

நாலு வரி எழுதினேன். 'நிரலில் குறை எதுவும் காணப்படவில்லை. திசைகளைப் பதிவு செய்ததில் இயக்குபவரின் கவனக்குறைவே காரணம் எனத் தெரிகிறது.' கீழே என் பெயர், கையெழுத்து. பதிவில் இருந்ததைத்தான் எழுதினேன். நானாக எதையும் சேர்க்கவில்லை.

மார்ச் 8, சனி

நாள் முழுக்கச் சாமான் கட்டினோம். பாதியும் காலுமாக இருந்த டப்பாக்களை எல்லாம் ஒன்றில் கொட்டினேன். பொட்டுக்கடலையும் வறுகடலையும் ஒரே டப்பா. இடம் மிச்சம்.

ரீகன் எட்டிப் பார்த்தார். "ரெண்டுல ஒண்ணு உப்புப் போட்டது ஜெசி. சட்னி அரைக்கையில என்ன செய்யப் போற?"

"பாத்தாத் தெரியாதா?"

"போடும்போது உனக்குத் தெரியும். எடுக்கும்போது யாருக்குத் தெரியுது?"

வீடு மாற்றுகிற நேரத்தில் புருஷனோடு சண்டை போடக் கூடாது என்று வைத்திருக்கிறேன். போட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

சிங்காநல்லூரிலிருந்து சரவணம்பட்டி வந்து சேர்ந்தோம். கட்டிலின் நட்டுகளைக் காணவில்லை. பூசைக்குப் போகவில்லை.

மார்ச் 10, திங்கள்

மதியம் சுகந்தி கூப்பிட்டாள்.

"மேடம், சுகந்தி பேசறேனுங்க."

அக்காவைக் காணோம்.

அவளை மறுபடி கிரைண்டிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். ரோபோவில் இப்போது செல்லமுத்துவின் மச்சினன் நிற்கிறானாம். என் கடிதத்தை நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

"கவனக்குறைவுன்னு எழுதியிருக்கீங்க. எல்லாரும் படிச்சுட்டுப் போறாங்க. நான் என்னுங்க கவனிக்காம விட்டேன், அத மட்டும் சொல்லுங்க. முப்பத்தொண்ணாந்தேதிக்குள்ள மெஷினுக்குப் போகலைன்னா அவ்ளோதான், அப்புறம் என்னைய அங்க விட மாட்டாங்க."

பதிவில் அப்படி இருந்தது என்று சொன்னேன். அவளுக்குப் பின்னால் கிரைண்டர் சத்தம் கேட்டது.

"சரிங்க மேடம். அந்தப் பையன் ஓட்டும்போதும் சாயத்தான் சாயுது. பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்று வைத்துவிட்டாள்.

வேறொருவன் ஓட்டினாலும் சாய்கிறதாம். அவன் அவளுடைய பதிவுகளை வைத்தே ஓட்டுகிறானோ என்னவோ. அப்படித்தான் இருக்க வேண்டும்.

மார்ச் 11, செவ்வாய்

எதுவும் எழுதத் தோன்றவில்லை. தயிர் புளித்துவிட்டது.

மார்ச் 12, புதன்

பழைய வீட்டிலிருந்து கழற்றி வந்த டிவி டிஷ்ஷை மாட்ட ஆள் வந்தார். மாடிக்குப் போய்க் கால் மணி நேரத்தில் இறங்கி வந்துவிட்டார். படம் பளிச்சென்று வந்தது.

"அதுக்குள்ளயா? அங்கிருந்து இங்க பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி வந்திருக்கோமே" என்றேன்.

"வீடு எங்க வேணாலும் தள்ளிப் போவட்டுங்க மேடம். டிஷ் பாக்கற பக்கம் மாறாதுல்ல. அங்க எப்படிப் பாத்துச்சோ அப்படியே இங்கயும் பாக்க வெச்சேன். வீடு தள்ளுன அளவுக்கு டிஷ்ஷையும் திருப்புனா எங்கிருந்து படம் வரும்?"

அவர் போன பிறகு மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தெருவில் உள்ள எல்லா வீட்டு டிஷ்ஷும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. வீடு ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடம், பார்வை ஒரே திசை. எவ்வளவு நேரம் நின்றேனோ, கொடியில் போட்ட துணிகூடக் காய்ந்துவிட்டது. அதை மடித்துக்கொண்டு கீழே இறங்கினேன்.

மார்ச் 13, வியாழன்

ஆபீஸ் சோதனை மேசை தரையில் போல்ட் போட்டு இறுக்கியது. அதன் மூலைதான் எங்களுக்கு எப்போதும் சுழியம், சுழியம், சுழியம். எந்த எண்ணோடு சுழியத்தைக் கூட்டினாலும் அது அப்படியே இருக்கும். இதற்கு முன் மெஷின் வாங்கிய மூவருக்கும் போல்ட் போட்ட மேசைதான். மூலையை நகர்த்துகிற முதல் ஆட்கள் கரூர்காரர்கள்.

இன்று எல்லோரும் சாப்பிடப் போனபோது, மூலை இருபது சென்டிமீட்டர் தள்ளியிருப்பதாக நிரலுக்குப் பொய் சொல்லி ஓட்டினேன். டார்ச்சின் தலை பதினோரு டிகிரி சாய்ந்தது. தள்ளிய பக்கமே சாய்ந்தது.

மறுபடி சுழியம் போட்டேன். நேராக நின்றது. பத்து சென்டிமீட்டர் போட்டேன். அதில் பாதி சாய்ந்தது.

சுகந்தியின் நோட்டில் இருந்த கணக்கு இதேதான்.

யாரிடமும் சொல்லவில்லை. இன்னும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். அவசரப்பட்டுச் சொல்லக் கூடாது.

மார்ச் 14, வெள்ளி

சிலுவைப்பாதைக்குப் போனேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை குறைவாக இருந்தது, நின்றேன். ஞாயிறு பூசையை விட்டேன், காலை ஜெபம் சொல்லவில்லை, கணவரிடம் எரிந்து விழுந்தேன் என்று சொன்னேன். சாமியார், "வேற எதுவும் இருக்காம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொன்னார். சொன்னேன். வெளியே வந்தபோது செருப்பு இருந்த இடத்திலேயே இருந்தது, எனக்குத்தான் எது என்னுடையது என்று ஒரு நிமிடம் தெரியவில்லை.

மார்ச் 15, சனி

இங்கே எழுதுவதைக் கனகசபாபதி சார் படிக்கப் போவதில்லை. பிறகு யாருக்குப் பயந்து சுற்றி வளைக்கிறேன்?

இடமும் மூன்று எண், திசையும் மூன்று எண். அதனால் இரண்டும் ஒன்று என்று நினைத்தேன். பள்ளிக்கூடத்தில் புள்ளி வேறு, திசையன் வேறு என்று படித்துப் பரீட்சையும் எழுதியவள்தான். கரூரையும் கோவையையும் கூட்டினால் எந்த ஊரும் வராது. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் எந்தப் பக்கம் எவ்வளவு தூரம் என்று வழி கிடைக்கும். ஊர் என்பது ஓரிடத்தில் இருப்பது. வழி என்பதற்கு இடம் கிடையாது, அதை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அதே பக்கம்தான் காட்டும். மூலை நகர்ந்தால் இடங்கள் கூடவே நகர வேண்டும். திசைகள் நகரக் கூடாது. மாடியில் அந்த டிஷ்கள் இருப்பது போல.

நான்காவது எண் அதற்காகத்தான் இருந்தது. மூலை நகர்ந்த அளவை அந்த எண்ணால் பெருக்கி, பிறகு கூட்டுவது. இடத்துக்கு ஒன்று, முழுதாக நகரும். திசைக்குச் சுழியம், நகர்த்தல் அதைத் தொடவே தொடாது. எனக்கு முன்னால் இருந்தவர் என்ன அழகாகச் செய்து வைத்திருந்தார். சும்மா கிடந்தது என்று மூன்றாம் தேதியோ நாலாம் தேதியோ எழுதியிருக்கிறேன். சும்மா கிடக்கவில்லை, காவல் நின்றது.

கரூரில் நான் பார்த்த பதிவும், மூலை நகர்ந்த அளவைக் கூட்டிய பிறகு நிரல் எழுதுவது. அவள் நேராகத்தான் சொல்லிக்கொடுத்தாள். சாய்த்தது என் கூட்டல். சாய்ந்ததைப் பார்த்துவிட்டு நீதான் சாய்த்தாய் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

இன்னொன்று. இதை எழுதாமல் இருந்துவிடலாம் என்று பேனாவை இரண்டு முறை மூடினேன். அந்த எண்ணுக்கு மேலே அவர் ஒரு குறிப்பு வைத்திருந்தார். 'பார்க்கத் தேவையில்லாதது போல இருக்கும். எடுக்க வேண்டாம்.' நான் படித்தேன். படித்துச் சிரித்தேன். குறிப்பையும் சேர்த்து அழித்தேன். அதற்குத்தான் கேக் வெட்டினோம்.

மார்ச் 16, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிறகு ரீகனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் இட்லிக்கு ஊற்றிக்கொண்டிருந்த சட்னிக் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்டார். "அந்தப் பிள்ளைக்கு எப்பம் வரைக்கும் டைம் இருக்கு?"

"முப்பத்தொண்ணு."

"அப்பம் என்கிட்ட எதுக்கு இருந்து சொல்லிட்டுக் கெடக்க?"

சட்னி உப்பாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

கனகசபாபதி சாரிடம் சொன்னேன். மேசையில் வைத்தே ஓட்டிக் காட்டினேன். சுழியத்தில் நேர், இருபதில் சாய்வு. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு வருசமாவா இப்படி இருக்குது?"

"ஆமா சார். நான்தான் எடுத்தேன்."

"சத்தமில்லாம ஒரு புது வெர்ஷன் அனுப்பிச்சு விட்டுரலாம்மா. சரியாப் போச்சுன்னா அவங்களே விட்டுருவாங்க. லெட்டர எல்லாம் எதுக்குக் கிளறிக்கிட்டு?"

அவர் கெட்டவர் இல்லை. எட்டுப் பேருக்குச் சம்பளம் கொடுக்கிறவர். அரை நிமிடம் எனக்கும் அது நல்ல யோசனையாகத்தான் தோன்றியது. நிரல் சரியாகிவிடும், என் பெயரும் பிழைக்கும், ஆனால் போர்டில் அவள் மேல் போட்ட 'கவனக்குறைவு' அப்படியே தொங்கும். மச்சினன் ஓட்ட ஆரம்பித்ததும் மெஷின் திருந்திவிட்டது என்றுகூடப் பேசுவார்கள்.

"நானே போய்ச் சொல்லிட்டு வரேன் சார்."

"உங்க இஷ்டம். ஏப்ரல் விசயத்த அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

மாலை வரை உட்கார்ந்து நான்காவது எண்ணைத் திரும்ப வைத்தேன். எடுக்க மூன்று நாள் ஆனது நினைவிருக்கிறது. வைக்க ஆறு மணி நேரம்.

மார்ச் 18, செவ்வாய்

கரூர்.

செல்லமுத்து தன் அறையிலேயே பேசி முடித்துவிடப் பார்த்தார். மெஷின் பக்கத்தில் பேசுவோம் என்றேன். சுகந்தியைக் கூப்பிடச் சொன்னேன். முகமூடியைக் கழுத்துக்கு இறக்கியபடி, முடியெல்லாம் இரும்புத் தூளோடு வந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினாள்.

புது நிரலை ஏற்றினேன். மச்சினன் மூலையைத் தொட்டுக் காட்டப் போனான்.

"இருங்க" என்றாள் சுகந்தி. "சட்டத்த இன்னும் தள்ளுங்க. அந்தக் கோட்டுக்கு."

அவள் போட்ட சாக்பீஸ் கோடுகளிலேயே கடைசிக் கோடு. முப்பத்தைந்து சென்டிமீட்டர். நாலு பேர் சேர்ந்து சட்டத்தைத் தள்ளினார்கள். அவளே மூலையைத் தொட்டுக் காட்டினாள், அவளே பொத்தானை அழுத்தினாள். கை எழுந்து போய் முதல் ஜாயின்ட்டில் நின்றது. நேராக. இரண்டாவதில் நேராக. பதினான்கு ஜாயின்ட்டிலும் நேராக. அவள் கையில் மட்டக்கோலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் அளந்தாள், என் வார்த்தையை நம்பி விடவில்லை.

பிறகு செல்லமுத்துவிடம் சொன்னேன். "தப்பு எங்க நிரல்ல இருந்தது. எழுதினது நான். இவங்க நேராத்தான் பதிவு பண்ணியிருக்காங்க. என்ன நடக்குதுன்னு பதினாறு நாள் எழுதியும் வெச்சுக் காட்டினாங்க. நான்தான் கேக்கல."

"அதான் சரியாப் போச்சே, விடுங்க" என்றார் அவர்.

"அன்னிக்கு எழுத்துல குடுத்தீங்கல்ல மேடம்" என்றாள் சுகந்தி. குரல் உயரவே இல்லை. "இதையும் எழுத்துலயே குடுங்க. கையெழுத்தோட."

அவளுடைய நோட்டிலிருந்தே ஒரு தாளைக் கிழித்துத் தந்தாள். எழுதினேன். நாலு வரியில் முடிக்க முடியவில்லை, பக்கம் நிறைந்துவிட்டது. நான்காவது எண்ணை எடுத்தது, குறிப்பை அழித்தது, எதையும் விடவில்லை. அவள் இரண்டு முறை படித்தாள். நேராக நோட்டீஸ் போர்டுக்குப் போய், பழைய கடிதத்தின் பக்கத்திலேயே ஒட்டினாள்.

"பழச எடுத்துடலாமே" என்றேன்.

"இருக்கட்டுங்க மேடம். ரெண்டையும் படிக்கட்டும்."

டீ வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

நிரலில் அந்த எண்ணுக்கு மேலே ஒரு குறிப்பு வைத்தேன். 'பார்க்கத் தேவையில்லாதது போல இருக்கும். எடுக்க வேண்டாம். ஒருமுறை எடுத்தாயிற்று. சந்தேகம் இருந்தால் என்னைக் கேட்கவும். ஜெசிந்தா.'

டீமுக்குத் தலைவராக வெளியிலிருந்து ஆள் எடுக்கிறார்களாம். கடலை டப்பாவைக் கொட்டிப் பிரிக்க உட்கார்ந்தேன். முக்கால் மணி நேரம் ஆனது.

மார்ச் 31, திங்கள்

நாள் முழுக்கப் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். நானாகக் கூப்பிடத் தைரியமில்லை. ஐந்தே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"ஆர்டர் குடுத்துட்டாங்க. நாளையிலருந்து மெஷின்ல நான்தான்."

சந்தோஷம் என்று சொன்னேன். டார்ச் எப்படி இருக்கிறது என்று கேட்டேன், வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல்.

"எவ்ளோ தள்ளி வெச்சாலும் நேரா நிக்குதுங்க மேடம்."

அக்கா என்று கூப்பிடு என்று இந்த முறை நான் சொல்லவில்லை.